நாலு குரலுக்கு எதை எடுக்கலாம்? நெல்லைப் பக்கத்துக் குவயர்களுக்கு ஒரு மதிப்பீடு

ஈஸ்டர் நெருங்கினால் பாளையங்கோட்டையிலிருந்து நாசரேத், மெஞ்ஞானபுரம் வரை எந்தக் குவயர் (ஆலயப் பாடகர் குழு) பிராக்டிஸிலும் முதலில் எழும் பேச்சு, 'ஹாண்டெலின் அல்லேலூயா கோரஸ் எடுப்போமா?' என்பதுதான். எடுக்கலாம். ஆனால் இருபது, இருபத்தைந்து பேர் உள்ள சேகரத்துக் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகள்) குவயர் ஒன்றுக்கு அது முதல் தேர்வாக இருக்கக் கூடாது என்பதே இந்த மதிப்பீட்டின் கட்சி.

காரணம் நடுக்குரல்கள். நம் பக்கத்துக் குவயரின் அமைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: பெண்களின் மேல்குரலான சோப்ரானோ பத்துப் பேர், பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ ஐந்தாறு, ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் ஐந்தாறு, ஆண்களின் மேல்குரலான டெனர் இரண்டோ மூன்றோ. அந்த மூவரிலும் ஒருவர் சோப்ரானோ மெட்டையே ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடிக்கொண்டு தன்னை டெனர் என்று நம்பிக்கொண்டிருப்பார். இதனால் கெடுவது டெனர் வரி மட்டுமல்ல. மெட்டு ஆல்ட்டோவுக்குக் கீழேயும் கேட்பதால் ஆல்ட்டோக்காரர்கள் தங்கள் சுரத்தை விட்டு அதற்குத் தாவிவிடுவார்கள். ஆகவே புதுப் பாட்டு ஒன்றை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை போதும். கீபோர்டை அணைத்துவிட்டு ஆல்ட்டோவையும் டெனரையும் மட்டும் சேர்த்துப் பாட வையுங்கள். அந்த இரண்டு வரியும் தனியே காதுக்குப் பிடிக்கிற மாதிரி இருந்தால் பாட்டு நிற்கும். இரண்டும் வெறும் நிரப்புச் சுரங்களாக இருந்தால் மூன்றாம் வாரம் ஆள் குறையும்.

இந்தச் சோதனையில் முதலிடம் ஸ்டெய்னரின் 'காட் ஸோ லவ்ட் த வேர்ல்ட்' பாட்டுக்கு. ஜான் ஸ்டெய்னர் 1887இல் லண்டன் மேரிலபோன் பங்கு ஆலயத்துக்காக எழுதிய 'த குருசிஃபிக்ஷன்' என்ற முழுப் படைப்பின் நடுவில் வரும் பகுதி இது. பெரிய கதீட்ரலையோ ஆர்கெஸ்ட்ராவையோ மனதில் வைத்து எழுதியதல்ல. சாதாரண ஆலயக் குவயர், ஒரு ஆர்கன், ஒரு டெனர், ஒரு பேஸ் தனிக்குரல், இடையிடையே சபையார் எழுந்து பாட ஞானப்பாட்டுகள், இவ்வளவுதான். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை நடக்கும் நம் ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு அமையாது. முழுப் படைப்பும் ஒரு மணி நேரத்தை ஒட்டி ஓடும். அது கூடாதென்றால் இந்த ஒரு பாட்டை மட்டும் உருவி எடுத்து, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஏதாவது இரண்டுக்கு நடுவே வைக்கலாம்.

ஜி மேஜர், மூன்று அடித் தாளம், வாத்தியம் கிடையாது. நான்கு குரலும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொல்லும் இடங்களே அதிகம் என்பதால், யாராவது வழி தவறினாலும் அடுத்த வார்த்தையில் ஒட்டிக்கொள்ளலாம். இது புதுக் குவயருக்குப் பெரிய வசதி. ஆல்ட்டோ ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கும் இடங்கள் உண்டு. ஆனால் அது நகரும்போதெல்லாம் கோர்டின் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின்) நிறமே மாறும். பாடுகிறவருக்கே அது கேட்கும், அதனால் சலிக்காது.

இதில் கெடுவது மூன்று விஷயம். முதலாவது ஸ்ருதி இறக்கம். ஜியில் தொடங்கி முடிவில் ஏறக்குறைய எஃப் ஷார்ப்பில் வந்து நிற்கும் குவயர்கள்தான் அதிகம். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போது ஒவ்வொரு தடவையும் அது இம்மி இறங்கும். இறங்குவரிசையில் படிகள் தேவைக்கு மேல் அகலமாக விழும். மெதுவாகப் பாடச் சொன்னால் மூச்சின் அழுத்தத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுவார்கள். உட்கார்ந்து பாடினால் இன்னும் மோசம். இதற்கு வைத்தியம், ஏ ஃப்ளாட்டில் சுரம் கொடுத்துத் தொடங்குவது. அரை சுரம் ஏற்றியதும் பல குவயர்கள் இறங்காமல் நிற்பதன் காரணத்தை எப்படி விளக்கினாலும், பலன் கண்கூடு. பிராக்டிஸில் கீபோர்டை எப்போதும் கூடவே வாசிக்காதீர்கள். தொடக்கத்தில் நாலு சுரம், முடிவில் ஒரு சரிபார்ப்பு, அதோடு சரி. நடுவில் கோர்டு சரிபார்க்க நம் வீட்டு ஸ்ருதிப்பெட்டியே மேல். ச, ப இரண்டையும் ஓடவிட்டு அதன்மேல் காந்தாரத்தைச் சேர்க்கச் சொன்னால் அது தானாக இனிமையான இடத்தில் போய் உட்காரும். கீபோர்டின் காந்தாரம் அந்த இடத்தைவிடச் சுமார் 14 சென்ட் (அரை சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடுதல். அதை வைத்துக் காதைப் பழக்கினால் வாத்தியமில்லாத பாட்டில் கோர்டு கரடாகவே கேட்கும். முதல் வரி ஜியை விட்டு விலகியதும் ஸ்ருதிப்பெட்டியை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் அது உதவுவதற்குப் பதில் மோதும்.

இரண்டாவது கெடுதல் வார்த்தை முடிவு. 'லவ்ட்', 'வேர்ல்ட்' இரண்டுக்கும் பின்னால் ஒரு குற்றியலுகரத்தை ஒட்டி 'வேர்ல்டு' என்று பாடுவது நம் நாக்கின் இயல்பு. இருபது பேர் இருபது நேரத்தில் அந்த 'டு'வைப் போட்டால் ஆலயம் முழுக்கப் பொரி வறுக்கிற சத்தம். கடைசி மெய்யை எந்த அடியில் வைப்பது என்று பென்சிலால் குறித்து, அந்த அடியில் கை மூடும்போது மட்டும் போட வேண்டும். மூன்றாவது, மூன்று அடித் தாளத்தை ஊஞ்சலாட்டுவது. முதல் அடியை ஒவ்வொரு பாரிலும் (ஒரு தாளச் சுற்றிலும்) அழுத்தினால் பாட்டு நடனமாகிவிடும். இரண்டு பாரை ஒரு மூச்சாக எண்ணினால் சரியாகும். வாரம் ஒன்றரை மணி நேரம் பிராக்டிஸ் என்றால் நான்கு வாரத்தில் மேடைக்கு வரும்.

அடுத்தது மோட்ஸார்ட்டின் 'ஆவே வேரும் கார்ப்புஸ்'. 1791 ஜூன் 17 என்று தேதியிட்ட கையெழுத்துப் பிரதி, நாற்பத்தாறே பார். பாடென் ஊர் ஆலய இசைப் பொறுப்பாளர் அன்டோன் ஸ்டோலுக்காக எழுதியது. அந்த வருடம் டிசம்பர் 5இல் மோட்ஸார்ட் இறந்தார். கத்தோலிக்க ஆலயங்களில் நற்கருணை வேளைக்கு இது நேரடியாகப் பொருந்தும். சி.எஸ்.ஐ. குவயர்களும் திருவிருந்து நேரத்தில் பாடலாம், மூன்றரை நிமிடம்தான் ஆகும். டி மேஜர். குரல் எல்லை யாரையும் வருத்தாது.

ஆனால் இதை 'சின்னப் பாட்டு, லேசான பாட்டு' என்று எடுப்பவர்கள் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வார்கள். சோப்ரானோ தொடக்கத்தை டோ, ரே, மீ என்று எழுதும் டானிக் சோல்ஃபாவில் சொன்னால் ஸோ, மேல் டோ, மீ, பிறகு ஸோ, ஃபெ, ஃபா. நம் கணக்கில் ப, மேல் ச, க, ப, பிரதிமத்யமம், சுத்தமத்யமம். இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து! கீர்த்தனை பாடிப் பழகிய தொண்டை அந்த இரண்டையும் ஒரே இழுப்பாகச் சறுக்கிவிடும். கீர்த்தனையில் அழகாக இருக்கும் அந்தச் சறுக்கல் இங்கே கீழிருக்கும் மூன்று குரலையும் கலங்கடிக்கும். ஏனென்றால் சறுக்கும் நேரம் முழுக்கக் கோர்டே கிடையாது. இந்த மூன்று சுரத்தை வார்த்தையில்லாமல், 'நூ' என்று, ஒவ்வொன்றுக்கும் இடையில் சின்ன வெட்டு வைத்துப் பயிற்சி செய்து, பிறகு வெட்டை எடுத்துவிட வேண்டும்.

நடுவில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஏ மேஜரில் வந்து நின்ற பாட்டு 'கூயுஸ் லாதுஸ்' வரியில் எஃப் மேஜரை நோக்கித் திரும்பும். இதுவரை சி ஷார்ப்பாக இருந்தது சி நேச்சுரலாகும். பழைய டோவை மனதில் வைத்துக்கொண்டே வருகிறவர் இங்கே தொலைந்துபோவார். சோல்ஃபாவில் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் டோவை மாற்றிப் புதிதாக எண்ணிக்கொண்டால் ஐந்து நிமிட வேலை. ஸ்டாஃப் (ஐந்து கோட்டுச் சுரத்தாள்) மட்டும் படிக்கிறவர்களுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். ச எங்கே வைத்தாலும் அங்கிருந்து எண்ணத் தெரிந்த காது நம் ஊரில் ஏராளம். சோல்ஃபாவின் டோவும் அப்படி இடம் மாறுவதுதான். அந்தச் சாதகத்தை விட்டுவிட்டு எல்லாரையும் ஸ்டாஃபுக்கு இழுக்கும் குவயர் மாஸ்டர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

முடிவில் பெண் குரல்கள் முன்னே போக ஆண் குரல்கள் அதையே பின்தொடரும். ஆண்கள் தாங்கள் பிந்திவிட்டதாக நினைத்து ஓடிப் பிடிப்பதுதான் இங்கே வழக்கமான விபத்து. டெனரும் பேஸும் மட்டும் அந்தப் பக்கத்தை முதலில் மனப்பாடம் செய்துவிட்டால் தீர்ந்தது.

இனி அல்லேலூயா. ஹாண்டெல் 1741இல் 'மெசையா'வை எழுதினார், 1742 ஏப்ரல் 13இல் டப்ளினில் முதலில் பாடப்பட்டது. தொண்ணூற்று நான்கு பார், டி மேஜர். இதன் மகிமையில் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் பத்து சோப்ரானோவும் மூன்று டெனரும் இதைத் தாங்குமா என்பதில்தான். 'கிங் ஆஃப் கிங்ஸ்' வரி படிப்படியாக ஜி வரை ஏறி ஒவ்வொரு படியிலும் நீண்டு நிற்கும். அதற்குள் சோப்ரானோவின் பாதிப் பேர் கத்தித் தீர்த்திருப்பார்கள். 'அண்ட் ஹி ஷல் ரெய்ன்' பகுதியை பேஸ் முதலில் எடுக்கும், பிறகு டெனர், பிறகு ஆல்ட்டோ, கடைசியில் சோப்ரானோ. டெனர் தனியாக நுழைய வேண்டிய இடத்தில் மூன்று பேர் முனகினால் கேட்கிறவர்களுக்கு அந்த அடுக்கே தெரியாமல் போகும். அங்கே மட்டும் தாழ்ந்த குரல் ஆல்ட்டோ இரண்டு பேரை டெனருக்கு இரவல் கொடுக்கலாம். வெளியே சொல்ல வேண்டாம், ஒன்றும் குறைந்துவிடாது.

முடிவுக்கு முன் எல்லாரும் நிறுத்தி நிற்கும் மௌனம் ஒன்று வரும். ஒவ்வொரு வருடமும் எங்காவது ஒரு குவயரில் ஒருவர் அந்த மௌனத்துக்குள் தனியாக ஒரு 'ஹா' போட்டுவிடுவார். அந்தப் பாரை மட்டும் சிவப்பு மையால் கட்டம் கட்டுங்கள். அங்கே தலை தாளில் இருக்கக் கூடாது, மாஸ்டர் கையில் இருக்க வேண்டும். கீபோர்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை: டிரம்பெட், டிம்பனி சத்தங்களை ஒரே கையில் அடுக்காதீர்கள். சாதாரண ஆர்கன் ஒலி போதும். டெனரே மூவர்தான், அவர்கள்மேல் செயற்கைப் பித்தளையைக் கொட்டினால் மிச்சம் என்ன இருக்கும்?

நாற்பது பேர் சேர்ந்தால், இரண்டு மூன்று சேகரங்கள் கூட்டாகப் பாடினால், அல்லேலூயாவுக்கு முழு மதிப்பெண். அதுவரை காத்திருக்கலாம்.

ஆண்கள் மட்டும் பாடும் விடுதிக் குவயர்களுக்கு தாமஸ் டாலிஸின் 'இஃப் யீ லவ் மீ'. 1565இல் அச்சான பாட்டு, எழுதப்பட்டது அதற்கும் சில பத்தாண்டு முன்பு. முதலில் ஆண் குரல்களுக்கே எழுதியது, நாலு பாகம். முதல் வரியை எல்லாரும் சேர்ந்து சொல்லிவிட்டு, பிறகு ஒருவர் பின் ஒருவராக நுழைவார்கள். பின்பாதி அப்படியே திரும்ப வரும், அதனால் கற்க வேண்டியது குறைவு. இணையத்தில் கிடைக்கும் கலப்புக் குரல் பதிப்புகள் சுருதியை ஏற்றி வைத்திருக்கும். ஆண்கள் பாட அதை எடுத்தால் மேல் வரி தொண்டையைக் கிழிக்கும். எஃப் மேஜர் பதிப்பைத் தேடி எடுங்கள்.

ஆலயப் பிரதிஷ்டை பண்டிகைக்கு எந்த வருடமும் அதே இரண்டு மூன்று பாட்டுகள்தானா என்று கேட்பவர்களுக்கு அன்டோன் ப்ருக்னரின் 'லோகுஸ் இஸ்தே'. இந்த இடம் தேவனால் உண்டானது என்று தொடங்கும் லத்தீன் வரிகள். லின்ஸ் நகரின் புதுக் கதீட்ரலில் ஒரு சிற்றாலயப் பிரதிஷ்டைக்காக 1869இல் எழுதியது. காரணமும் காரியமும் நம் பண்டிகைக்கு அப்படியே பொருந்தும். நாற்பத்தெட்டு பார், வாத்தியம் கிடையாது. நடுவில் பேஸ் ஒதுங்கிக்கொள்ள மற்ற மூன்று குரலும் அரைச் சுரம் அரைச் சுரமாக, மிகமிக மெல்ல நகரும். இதுதான் பாட்டின் கடினமான பக்கம். அடியில் தாங்க பேஸ் இல்லாததால் டெனர்தான் தரை. டெனர் தள்ளாடினால் மேலே இரண்டு பேரும் விழுவார்கள். மூன்று டெனரில் இருவராவது சுரம் படிக்கத் தெரிந்தவர்களாக இல்லையென்றால் இந்த வருடம் இதைத் தொட வேண்டாம்.

கடைசி வரிக்கு முன் ஒரு பாரைவிடச் சற்று நீளும் மௌனம் ஒன்றை ப்ருக்னர் வைத்திருக்கிறார். அந்த இடைவெளியில் ஆலயத்தின் எதிரொலி அடங்க வேண்டும் என்பதுதான் அதன் பயன். மெஞ்ஞானபுரம் பரிசுத்த பவுல் ஆலயம் போல உயர்ந்த கூரையுள்ள இடங்களில் இது எடுபடும். அஸ்பெஸ்டாஸ் கூரையும் தாழ்ந்த சுவரும் உள்ள கிளை ஆலயங்களில் அங்கே கேட்பது ஃபேன் சத்தம் மட்டுமே. மௌனத்தைக் குறைக்காமல், ஃபேனை நிறுத்த, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

ஒலிபெருக்கி பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு கை மைக் கொடுப்பது நாலு குரல் இசையைக் கொல்லும் நிச்சயமான வழி. மைக்கைப் பிடித்தவர் குரல்தான் கேட்கும், மற்றவர்கள் அலங்காரம். கண்டென்ஸர் மைக் இரண்டு, உயரமான ஸ்டாண்டில், முன்வரிசைக்கு ஆறேழு அடி முன்னால், தலைக்கு மேலே. எக்கோவை முழுதாக அணைக்கச் சொல்லுங்கள். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் போன்ற பெரிய ஆலயத்தில் இயற்கையாகவே சத்தம் சுற்றும். அதற்கு மேல் மிக்ஸரும் சுற்றினால் கோர்டு மாறும் இடமெல்லாம் கூழாகிவிடும்.

சுரத்தாள் எங்கே கிடைக்கும் என்றால், மேலே சொன்ன ஐந்துமே பதிப்புரிமை தீர்ந்தவை. சி.பி.டி.எல்., ஐ.எம்.எஸ்.எல்.பி. இரண்டு இணையத் தளங்களிலும் இலவசமாக இறக்கலாம். ஆனால் சி.பி.டி.எல்.லில் ஒரே பாட்டுக்குப் பத்துப் பதிப்பு இருக்கும், யாரோ ஒருவர் தட்டச்சு செய்தது. நூறு பிரதி ஜெராக்ஸ் எடுக்கும் முன் ஒரே ஒரு பிரதியை எடுத்து நாலு வரியையும் கீபோர்டில் வாசித்துப் பாருங்கள். தவறான சுரமோ விட்டுப்போன ஷார்ப்போ அப்போதே தெரிந்துவிடும். எல்லாருக்கும் ஒரே பதிப்பு என்பது முக்கியம். இருவர் செல்பேசியில் வேறு பதிப்பை வைத்திருந்தால் 'பதினேழாம் பாரிலிருந்து' என்று சொன்னதும் குழப்பம் தொடங்கும்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரே புத்தகம் 'கேரல்ஸ் ஃபார் குவயர்ஸ்' முதல் தொகுதி. ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடு, 1961, ரெஜினால்டு ஜேக்கஸும் டேவிட் வில்காக்ஸும் தொகுத்தது. ஐம்பது கேரல்கள் (கிறிஸ்துமஸ் பாட்டுகள்). பதிப்புரிமை உள்ளது, ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது. இதிலுள்ள 'ஓ கம் ஆல் யீ ஃபெய்த்ஃபுல்' ஒன்றுக்காகவே வாங்கலாம். ஆனால் எச்சரிக்கை: கடைசிச் சரணத்தில் குவயரும் சபையும் எல்லாரும் மெட்டை மட்டுமே பாட வேண்டும், ஆர்கன் மட்டும் புதுக் கோர்டுகளில் போகும். 'வேர்ட் ஆஃப் த ஃபாதர்' என்ற இடத்தில் வரும் கோர்டுக்காகவே காத்திருக்கும் ரசிகர்கள் உலகெங்கும் உண்டு. நம் குவயர்களில் ஆல்ட்டோவும் பேஸும் பழக்கதோஷத்தில் பழைய பாகங்களையே பாடிவிடுவார்கள், அதோடு அந்தக் கோர்டு குப்பைக்குப் போகும். டெஸ்கன்ட் (மெட்டுக்கு மேலே பாடும் தனி வரி) வரும் சரணத்திலும் அப்படியே: உச்சத்தில் நாலைந்து பேர், மற்ற அனைவரும் மெட்டு. கீபோர்டுக்காரர் அந்தப் பக்கத்தை மூன்று வாரம் முன்பே வீட்டுக்கு எடுத்துப் போகட்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு நம் கீர்த்தனைகளை விட்டால் குறை. திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் தொடங்கி எத்தனையோ பேர் கொடுத்த கீர்த்தனைகளுக்கு இப்போது நாலு குரல் கட்டும் வழக்கம் பரவி வருகிறது. சில கேட்க இனிமை, பல வேதனை. வித்தியாசம் ராகத்தில் இருக்கிறது. சங்கராபரணத்தில் உள்ள கீர்த்தனைக்கு மேஜர் கோர்டுகள் அப்படியே உட்காரும், பயமில்லை. மோகனத்தில் மத்யமமும் நிஷாதமும் இல்லை. ச-வை சியாக வைத்தால் கிடைக்கும் முழுக் கோர்டு இரண்டே இரண்டு: சி மேஜர், ஏ மைனர். பழக்கத்தில் எஃப், ஜி இரண்டையும் போடுகிற கீபோர்டுக்காரர் ராகத்தில் இல்லாத மத்யமத்தையும் நிஷாதத்தையும் உள்ளே கொண்டுவருகிறார். பாட்டு மோகனமாகவும் நிற்காது, கேரலாகவும் ஆகாது. மாயாமாளவகௌளை இன்னொரு வகை. ரிஷபம் சுத்த ரிஷபம் என்பதால் ஜி மேஜர் கோர்டே கிடையாது. மேலை நாட்டு முடிப்பு இங்கே வேலை செய்யாது. ஆனால் டி ஃப்ளாட் மேஜர் முழுதாகக் கிடைக்கிறது. அதிலிருந்து நேரே சி மேஜருக்கு இறங்கினால் ராகத்துக்குள்ளேயே அழகான முடிப்பு ஒன்று அமையும்.

இதையெல்லாம் கணக்குப் பார்க்க ஒரு தாளும் பென்சிலும் போதும். ராகத்தின் ஏழோ ஐந்தோ சுரத்தை எழுதி, ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேர்த்து எந்தெந்தக் கோர்டு உருவாகிறது என்று பாருங்கள். ஒன்றும் தேறவில்லை என்றால் ஆண்கள் ச, ப இரண்டையும் 'ம்' என்று பிடித்து நிற்கட்டும், பெண்கள் மெட்டைப் பாடட்டும். ஏழு சுரத்தில் எழுதிய கீர்த்தனையாக இருந்தாலும் கமகம் அதிகமுள்ள வரிகளில் இதுவே உத்தமம். மெட்டு அசையும் இடத்தில் கீழே உள்ளவர்கள் அசையக் கூடாது.